நீலத்தாள்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் நீல நிறத் தாளில் அச்சிடப்பட்ட சான்றிதழோடு வீடு திரும்பினர். அந்தச் சான்று அவர்களை மதிப்புக்குரியவர்கள் என்று சொல்லவில்லை. மதிப்பிழந்தவர்கள் என்றும் சொல்லவில்லை. அதை வழங்குவதற்குக் குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டியதில்லை. ராணுவ நீதிமன்றமும் கூட வேண்டியதில்லை. படைக்குப் பொருந்தாதவர் என்று அதிகாரிகள் முடிவு செய்தால் போதும்.

1941 டிசம்பர் 1 முதல் 1945 ஜூன் 30 வரை இவ்வாறு வெளியேற்றப்பட்டவர்கள் 48,603 பேர். அவர்களுள் 10,806 பேர் கறுப்பினத்தவர், அதாவது 22.2 விழுக்காடு. அக்காலப் படையிலோ கறுப்பினத்தவர் 6.5 விழுக்காட்டினரே. ஒருபால் விருப்பம் உடையவர்கள் என்று ஐயுறப்பட்டோரும் இத்தாளுக்குப் பெருமளவில் இலக்காயினர்.

இந்த ஏற்றத்தாழ்வு தற்செயலானதன்று. படை இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கறுப்பினப் பிரிவுகளுக்குத் தலைமை தாங்கியவர்கள் பெரும்பாலும் வெள்ளை அதிகாரிகள். பயிற்சி முகாம்கள் பல இன ஒதுக்கல் சட்டமாகவே நிலவிய தென்மாநிலங்களில் இருந்தன. அங்கே அவமதிப்பை எதிர்த்துப் பேசியவரைக் கீழ்ப்படியாதவர் என்று குறித்து வெளியேற்றுவதற்கு நீலத்தாள் எளிய கருவியாயிற்று. கறுப்பின மக்களின் வார ஏடுகளுள் செல்வாக்கு மிக்க 'பிட்ஸ்பர்க் கூரியர்' 1945இல் இதைத்தான் குற்றமாகச் சாட்டியது.

அத்தாளின் உண்மையான தண்டனை முகாமுக்கு வெளியே காத்திருந்தது. 1944இல் இயற்றப்பட்ட ஜி.ஐ. சட்டம் படைவீரர்களுக்குக் கல்லூரிக் கல்வி, வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம், வேலையில்லாக் கால உதவித்தொகை ஆகியவற்றை வழங்கியது. 'மதிப்பிழப்பு' அல்லாத முறையில் விடுவிக்கப்பட்டோர்க்கு இவை உரியன என்பதே சட்டத்தின் சொல். ஆயினும் நீலத்தாள் பெற்றவர்களின் விண்ணப்பங்களை நிர்வாகம் மறுத்துவந்தது. வேலை தருவோரும் அந்நிறத்தின் பொருளை அறிந்திருந்தனர். பிரதிநிதிகள் சபைக் குழுவொன்று 1946இல் இம்முறையைக் கடுமையாக விமர்சித்தது. 1947இல் நீலத்தாள் கைவிடப்பட்டது. அதனிடத்தில் 'பொது', 'விரும்பத்தகாத' என்னும் இரு புதிய வகைகள் வந்தன. நிறம் போயிற்று, விசாரணையின்றி ஒருவருக்குக் களங்கம் சுமத்தும் வழி மட்டும் அடைபடவில்லை.

இதற்கு முன்னோடி ஒன்றும் உண்டு. 1906 ஆகஸ்டில் டெக்சாஸ் மாநிலத்துப் பிரவுன்ஸ்வில் நகரில் நடந்த துப்பாக்கிச் சூட்டிற்காக, 25ஆம் காலாட்படையின் கறுப்பின வீரர்கள் 167 பேரை அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் விசாரணையின்றி நீக்கினார். வீரர்கள் அப்போது பாசறையில் இருந்தார்கள் என்று அவர்களுடைய வெள்ளை அதிகாரிகள் கூறியதும் எடுபடவில்லை. 66 ஆண்டுகள் கழித்து, 1972இல், ராணுவம் அவ்வாணையைத் திருத்தி மதிப்புடன் விடுவித்ததாக அறிவித்தது. பெரும்பாலோர் அதற்குள் இறந்துவிட்டனர். உயிரோடிருந்த டார்சி வில்லிஸ் இடைப்பட்ட காலத்தில் பல்லாண்டுகள் காலணிக்கு மெருகிட்டுப் பிழைத்தவர். அவருக்கு நாடாளுமன்றம் அளித்த ஈடு 25,000 டாலர்.

பெண்களுக்கு வேறொரு வாயில் திறக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை நிரந்தரப் படையில் சேர்த்துக்கொண்டது. ஆனால் 2 விழுக்காடு என்று உச்சவரம்பும் கட்டியது. 1951இல் அதிபர் ட்ரூமன் பிறப்பித்த ஆணை, கருவுற்றவரையும் சிறு பிள்ளைகளுக்குத் தாயானவரையும் விடுவிக்கப் படைக்கு அதிகாரம் தந்தது. தந்தையாகும் ஆணுக்கு அப்படியோர் ஆணை இல்லை. மரைன் படையில் கருவுற்ற பெண்களைக் கட்டாயமாக விடுவித்துவந்த விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றமொன்று 1976இல் தீர்ப்பளித்தது. அதற்குள் கால் நூற்றாண்டு கழிந்திருந்தது.

விடுவிப்பை மறுஆய்வு செய்யும் வாரியங்களை அமைத்ததும் அதே 1944ஆம் ஆண்டுச் சட்டம்தான். ஆனால் வாரியத்தின் கதவைத் தட்டி, தம்மீது பதிந்த களங்கம் தவறென்று சான்றுகளோடு நிறுவ வேண்டியவர் வெளியேற்றப்பட்டவரே. வெளியேற்றியவர்களிடம் அத்தகைய சான்று எதையும் எவரும் கேட்டதில்லை. நீலத்தாளின் வரலாற்றில் ஆறாத அநீதி இதுவே என்று தோன்றுகிறது.