விபாவதியின் மறுப்பு

ஆள்மாறாட்டம் பற்றிய கதைகளில் நம் கவனம் வந்து சேர்ந்தவன் மீதே போய் விழுகிறது. அவன் அவனேதானா, இல்லையா? தழும்பு இருந்ததா, மச்சம் இருந்ததா? அடையாளம் காண்கிறவர் அப்போது என்ன செய்கிறார் என்று யாரும் அதிகம் கேட்பதில்லை. 1930இல் தொடங்கி 1946இல் முடிந்த பவால் சந்நியாசி வழக்கை இந்தக் கேள்வியை முன்வைத்துப் படித்தபோது, அதன் மையம் சந்நியாசியிடமிருந்து விலகி, அவரைக் கணவர் என்று ஏற்க மறுத்த ஒரு பெண்ணிடம் போய் நின்றதாக எனக்குப் பட்டது.

பவால், அன்றைய கிழக்கு வங்காளத்தின் பெரிய ஜமீன்களில் ஒன்று. டாக்காவுக்கு அருகே ஜெய்தேப்பூரில் அரண்மனை. 1901இல் ராஜா ராஜேந்திர நாராயண் ராய் இறந்தபின் சொத்து மூன்று மகன்களுக்கு வந்தது. இரண்டாமவர் ரமேந்திர நாராயண். வேட்டை, பெண்கள் என்று கழிந்த வாழ்க்கை, படிப்பு ஏறவில்லை. 1902இல் விபாவதியை மணந்தார். சில ஆண்டுகளில் மேகநோய் பிடித்துக்கொண்டது. 1909 ஏப்ரலில் மனைவியும் மைத்துனர் சத்யேந்திரநாத்தும் குடும்ப டாக்டரும் உடன்வர டார்ஜிலிங் போனார். மே மாதம் அங்கே இறந்துபோனார் என்று செய்தி வந்தது. வயது 25. அண்ணன் 1910இலும் தம்பி 1913இலும் இறந்தனர். மூவருக்கும் குழந்தை இல்லை. ஜமீன், அரசாங்கத்தின் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் வசம் போயிற்று. மிஞ்சியவர்கள் பங்குத் தொகை பெறும் மூன்று விதவைகள்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து டாக்காவின் பக்லண்ட் அணைக்கரையில் உடம்பெல்லாம் சாம்பல் பூசிய ஒரு சந்நியாசி உட்கார்ந்திருந்தார். குமாரின் ஜாடை தெரிகிறது என்று பேச்சு பரவியது. 1921 மே 4 அன்று ஜெய்தேப்பூரில், கூட்டத்தின் நடுவே, தான்தான் ரமேந்திர நாராயண் என்றார். டார்ஜிலிங்கில் தன் உடலைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போன இரவில் பெருமழை பிடித்ததாம். தூக்கிவந்தவர்கள் ஒதுங்கிப்போனபோது நாகா சாதுக்கள் தன்னைக் காப்பாற்றினார்களாம். நினைவு தப்பி அவர்களோடு அலைந்தாராம். அக்காள் தங்கையரில் ஜோதிர்மயி அவரை ஏற்றார். பாட்டியும் ஏற்றார். குடியானவர்கள் திரண்டு வந்து காணிக்கை வைத்தார்கள். ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்த ஆண்டு அது. வெள்ளைக்கார நிர்வாகத்தின் கையிலிருந்த மண்ணுக்கு அதன் எஜமான் திரும்பி வந்தான் என்பதில், முகஜாடையைக் காட்டிலும் பெரிய கவர்ச்சி இருந்திருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் அரசாங்கம் அவரை வேஷக்காரர் என்று அறிவித்தது. அந்த அறிவிப்பு குடியானவர்களின் நம்பிக்கையை மேலும் இறுக்கியதே தவிரக் குறைக்கவில்லை.

இங்கிலாந்தில் டிச்பர்ன் குடும்பத்தில் நடந்தது இதற்கு முந்தியது. 1854இல் கப்பலோடு காணாமற்போன ரோஜர் டிச்பர்னின் தாய், மகன் இறந்ததை ஒப்புக்கொள்ளாமல் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கசாப்புக்காரன் கிளம்பி வந்தான். ரோஜர் ஒல்லி; இவன் பருத்தவன். பாரிஸில் வளர்ந்த ரோஜருக்குப் பிரெஞ்சு தாய்மொழி மாதிரி. இவனுக்கு அது தெரியாது. தாய் 1867 ஜனவரியில் பாரிஸில் அவனைக் கண்டு, என் மகன்தான் என்றார். 1874இல் நீதிமன்றம் அவனுக்கு 14 ஆண்டு தண்டனை விதித்தது. தாயை ஏமாளி என்று சொல்லிவிடுவது சுலபம். அவருக்கு வேண்டியிருந்தது ஒத்த முகம் அல்ல. காலியாகக் கிடந்த இடத்தில் உட்கார ஒருவன்.

பவாலிலும் அந்த இடத்தை ஒட்டியே ஒவ்வொருவர் பார்வையும் அமைந்தது. மூத்த குமாரின் விதவை சந்நியாசியை ஆதரித்தார். தத்துப்பிள்ளை எடுத்திருந்த இளைய குமாரின் விதவை எதிர்த்தார். மைத்துனர் சத்யேந்திரநாத்துக்குத் தங்கையின் பங்கே வாழ்வாதாரம். இதில் யார் பார்வையும் சுத்தமான பார்வை இல்லை.

1933 முதல் 1936 வரை டாக்காவில் நீதிபதி பன்னாலால் பாசு ஆயிரத்துக்கும் அதிகமான சாட்சிகளைக் கேட்டார். செதில் படர்ந்த பாதம், முடியின் நிறம், கண்ணின் நிறம், பழைய தழும்புகள் என்று உடலை அங்கம் அங்கமாக ஒப்பிட்டு, வாதியே குமார் என்று 1936 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தார். அந்த விசாரணையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. வாதியின் அறியாமையைக் காட்டுவதற்காகப் பிரதிவாதிகள், ஆங்கிலம் பேசி, கடிதம் எழுதி, நாகரிகமாக வாழ்ந்த ஒரு குமாரை வர்ணித்தார்கள். அசல் குமார் அப்படி இருந்ததில்லை, எழுத்தறிவே சொற்பம் என்று நீதிபதி கண்டார். ஆக, நீதிமன்றத்தில் நடந்த தெளிவான ஆள்மாறாட்டம் ஒன்று உண்டென்றால், அது குமாரின் சொந்த வீட்டார் இட்டுக்கட்டிய அந்த மற்றொரு குமார்தான்.

விபாவதியையும் இந்தக் கணக்கில் சேர்த்து முடித்துவிடலாம். பங்கு போய்விடும், அண்ணன் பிடியில் இருக்கிறார், அதனால் மறுக்கிறார். நீதிமன்றத்துக்கு இது போதும். உடல் அதுவேயானால் கணவன் அவனே என்பது சட்டத்தின் தர்க்கம். ஆனால் விபாவதி வாழ்ந்த ஏழாண்டுத் தாம்பத்யத்தை, வேறு பெண்களிடம் போன கணவனை, அவன் கொண்டுவந்த நோயை எந்த அங்க அடையாளப் பட்டியலில் எழுதுவது? விதவையாகவே இருப்பேன் என்று ஒரு பெண் பதினாறு ஆண்டுகள் வழக்காடியது நம் சமூகத்தில் விநோதமான காட்சி. விதவைக் கோலத்தைத் தண்டனை என்றே நாம் அறிந்திருக்கிறோம். இங்கே அது, திரும்பி வந்து உரிமை கேட்கும் ஒரு ஆணிடமிருந்து ஒதுங்கி நிற்பதற்கான இடமாகவும் இருந்தது.

1940இல் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகளில் இருவர் வாதியின் பக்கம் நின்றார்கள். 1946 ஜூலை 30 அன்று லண்டன் பிரிவி கவுன்சில் விபாவதியின் மேல்முறையீட்டைத் தள்ளியது. சில நாட்களுக்குள், ஆகஸ்ட் 3 அன்று, வென்றவர் கல்கத்தாவில் இறந்துபோனார். சட்டப்படி விபாவதி இப்போது மறுபடியும் விதவை. ஆனால் சட்டம் சொன்ன கணவருக்கு விதவை. அந்த வகையில் சேரவேண்டிய பணத்தை அவர் வாங்க மறுத்தார்.

இதனால் சந்நியாசி பொய்யர் என்று ஆகிவிடாது. பாசுவின் தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். அந்த உடல் ரமேந்திர நாராயணின் உடலாகவே இருக்கலாம். ஆனால் பேராசைதான் விபாவதியின் கண்ணை மறைத்தது என்ற விளக்கம் இந்த மறுப்போடு உடைந்துவிடுகிறது. வழக்கைப் பற்றி 1975இலும் 2018இலும் எடுத்த வங்காளப் படங்கள் இரண்டும் ராஜாவின் பெயரைத் தாங்கியவை. பணம் வேண்டாம் என்ற அந்தக் கடைசிச் சாட்சியத்தை எந்த நீதிபதியும் கேட்கவில்லை. அது வரும்போது வழக்கு முடிந்திருந்தது.