புத்தளக் கரையில் வட மாகாண முஸ்லிம்கள்: வெளியேற்றமும் மறுவாழ்வும்

இலங்கையின் வடமேற்கே, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாடும் அதனை அடுத்த புத்தளக் கரையும், வந்து சேர்ந்தோரால் உருவான நிலப்பகுதி எனலாம். 1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து புறப்பட்ட அராபியப் பயணி இபுனு பதூதாவைக் காற்று இக்கரைக்கே கொண்டுவந்து சேர்த்தது. அவர் ‘பத்தாலா’ எனக் குறிப்பிடும் பட்டினம் புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. ஆரியச்சக்கரவர்த்தியை அவர் அங்கேயே சந்தித்தார். உடப்பு மக்கள், தம் முன்னோர் இராமேசுவரப் பக்கத்துக் கரையிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் என இன்றும் கூறுகின்றனர். கண்டி அரசின் கடல் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் நோக்குடன் ஒல்லாந்தர் 1667இல் கற்பிட்டியில் கோட்டை எழுப்பத் தொடங்கினர். தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் தொகுத்து, ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் பெயரில் 1859இல் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்ததும் இக் கற்பிட்டியிலேயே.

முக்குவர், சோனகர், கரையார், கத்தோலிக்கர் எனப் பல சமூகத்தார் இக்கரையில் அடுத்தடுத்து வாழ்ந்துவந்துள்ளனர். அவர்களுட் பலரின் வருகை பல தலைமுறைகளில் நிகழ்ந்தது. வணிகமும் மீன்பிடியும் மணவுறவும் அவர்களைச் சிறிது சிறிதாக மண்ணுடன் பிணைத்தன. 1990ஆம் ஆண்டின் வருகையோ இவற்றினின்றும் முற்றாக வேறுபட்டது. ஒரு சில வாரங்களுள் பல்லாயிரக்கணக்கானோர் கையில் ஏதுமின்றி இக்கரையை வந்தடைந்தனர். அவர்கள் தாமாகப் புறப்பட்டவர்களல்லர். தம் ஊர்களிலிருந்து துரத்தப்பட்டவர்கள்.

மறுவாழ்வு என்பது பழைய ஊரை மறந்து புதிய ஊரை ஏற்றுக்கொள்வதே எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. அகதிகளைப் பற்றிய அரசாங்கப் பதிவேடுகளும் பெரும்பாலும் இக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டுள்ளன. புத்தளக் கரையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிகழ்ந்துவருவனவற்றை நோக்கும்போது இக்கருத்து எவ்வளவு குறையுடையது என்பது புலனாகும்.

வெளியேற்றம்

1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி வட மாகாண மக்களுள் ஏறத்தாழ 5 வீதத்தினர் முஸ்லிம்கள். மன்னார் மாவட்டத்தில் அவர்கள் ஏறக்குறைய நான்கிலொரு பங்கினராயிருந்தனர். எருக்கலம்பிட்டி, தாராபுரம், விடத்தல்தீவு, முசலி முதலிய இடங்களில் அவர்கள் கடற்றொழிலும் வேளாண்மையும் வாணிகமும் செய்துவந்தனர். யாழ்ப்பாண நகரின் சோனகதெருப் பகுதியில் வணிகரும் தையற்காரரும் இரும்புக் கடைக்காரரும் ஆசிரியரும் வாழ்ந்தனர். இவர்கள் அனைவரினதும் தாய்மொழி தமிழ். ஆதலின் இவர்களின் வெளியேற்றத்தைத் தமிழ் பேசும் மக்களின் வரலாற்றுக்குப் புறம்பான நிகழ்ச்சியாகக் கருதுவதற்கு இடமில்லை.

1990 யூன் மாதத்தில் அரசுக்கும் தமிழீழ விடுதலைப் புலிகளுக்குமிடையே மீண்டும் போர் மூண்டது. கிழக்கு மாகாணத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்குமிடையிலான உறவு பெரிதும் சீர்கெட்டது. அவ்வாண்டு ஓகத்து 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கிழக்கிற் பரவிய இப்பகையின் விளைவை, அதில் எவ்வகையிலும் தொடர்புபடாத வடக்கு முஸ்லிம்களே அனுபவிக்க நேர்ந்தது. அவ்வாண்டு ஒக்தோபர் மாதத்தின் பிற்பகுதியில், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய மாவட்டங்களில் தமது கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளிலிருந்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேறவேண்டும் எனப் புலிகள் கட்டளையிட்டனர். யாழ்ப்பாண நகரத்தார்க்கு ஒக்தோபர் 30ஆம் நாள் இக்கட்டளை பிறந்தது. ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்தில் அழைத்து நிறுத்தப்பட்ட அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். நகை, காணியுறுதி, பணம் யாவும் சோதனைச் சாவடிகளிற் பறிக்கப்பட்டன. சில நூறு ரூபாவும் மாற்றுடையுமே பலர் கையில் எஞ்சின. இவ்வாறு வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

அவர்களின் பயணம் இரு வழிகளில் அமைந்தது. யாழ்ப்பாணத்தாரும் வன்னியாரும் தரைவழியே வவுனியா நோக்கி நடந்தும் வாகனங்களிலும் சென்றனர். பின்னர் அநுராதபுரம், புத்தளம் முதலிய மாவட்டங்களுக்குப் பிரிந்தனர். மன்னார்த் தீவினருட் பெரும்பாலோர் கடல்வழியே கற்பிட்டியை அடைந்தனர். மழைக்காலத்துக் கொந்தளிப்பில், மீன்பிடி வள்ளங்களில் முதியோரும் கருவுற்றோரும் கைக்குழந்தைகளும் நெருக்கமாக ஏற்றப்பட்டனர். கற்பிட்டி மீனவர் பலர் தம் வள்ளங்களைக் கொண்டுசென்று அவர்களை ஏற்றிவந்தனர்.

ஈண்டுக் குறிப்பிடத்தக்க செய்தி ஒன்றுண்டு. இந்நிகழ்ச்சிக்குச் சரியாக ஐந்தாண்டுகளின் பின்னர், 1995 ஒக்தோபர் 30ஆம் நாள், வலிகாமத்துத் தமிழ் மக்கள் பல இலட்சம் பேர் ஓரிரவில் தம் இல்லங்களை விட்டு நீங்கவேண்டியவராயினர். இராணுவம் முன்னேறிவர, புலிகள் வெளியேறுமாறு பணித்தனர். இவ்விரு நிகழ்ச்சிகளின் காரணங்களும் தன்மையும் வெவ்வேறானவை. ஆயினும் ஒரே நாளைத் துயர நாளாக நினைவுகூரும் இரு சமூகங்கள், ஒன்றன் துயரை மற்றொன்று அறியாதனபோல் நெடுங்காலம் இருந்தமை சிந்தித்தற்குரியது.

ஏற்றுக்கொண்டோர்

வந்தோரை முதலில் ஏற்றவர் புத்தளத்துச் சாதாரண மக்களே. பள்ளிவாசல்கள் திறந்துவிடப்பட்டன, பாடசாலைகள் தங்குமிடங்களாயின, வீடுதோறும் உணவு சமைத்து அனுப்பப்பட்டது. தென்னந்தோப்பு உரிமையாளர் பலர் தம் நிலங்களிற் கொட்டில் அமைக்க இடங்கொடுத்தனர். புத்தளம், கற்பிட்டி, முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய பிரதேசங்களில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் தோன்றின. கிடுகால் வேய்ந்த அக்கொட்டில்கள் சில மாதங்களுக்கெனவே கட்டப்பட்டன. போர் விரைவில் ஓய்ந்துவிடும், ஊர் திரும்பிவிடலாம் என்பதே இரு தரப்பாரின் எதிர்பார்ப்புமாயிருந்தது.

மாதங்கள் ஆண்டுகளாகிய போதே சிக்கல்கள் தலைதூக்கின. புத்தளம் வறிய மாவட்டம். பல்கலைக்கழக அனுமதியிற் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுவது. அங்குள்ள வகுப்பறை, மருத்துவமனை, குடிநீர் யாவும் திடீரெனப் பன்மடங்கு மக்களுக்குப் போதவேண்டியதாயிற்று. வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களிலும் உப்பளங்களிலும் கூலி குறைந்தது. அகதிகள் குறைந்த கூலிக்கு வேலை செய்கின்றனர் என உள்ளூர்த் தொழிலாளர் குறைகூறினர். அகதிகளுக்கு உலர் உணவுப் பங்கீடு கிடைக்க, அவர்களை ஏற்ற ஏழைகளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. மாவட்ட அடிப்படையிலான பல்கலைக்கழக இடங்கள் வடக்கிலிருந்து வந்த மாணவருக்குச் செல்கின்றன என்னும் முறைப்பாடும் எழுந்தது. ஒரே மதத்தினராயும் ஒரே மொழியினராயும் இருந்தும், பேச்சுவழக்கிலும் மணச்சடங்கிலும் சீதன வழக்கத்திலும் காணப்பட்ட சிறு வேறுபாடுகள் பெரிதாகத் தோன்றலாயின.

இக்குறைபாடுகளை உள்ளூராரின் மனக்குறுக்கமாகக் கொள்வது தவறு. ஏழையிடம் ஏழையை ஒப்படைத்துவிட்டு, இருவருக்கும் வேண்டியதை அளிக்காது நீண்டகாலம் கழித்த ஆட்சிமுறையின் விளைவே அது. ‘அகதி’ என்னும் சொல், தொடக்கத்தில் இரக்கத்தைக் குறித்தது. காலப்போக்கில் ஓர் இழிபெயராக மாறியது. முகாமிற் பிறந்து, வடக்கை ஒருபோதும் காணாத பிள்ளைகளுக்கும் பாடசாலையில் அப்பெயரே வழங்கியது.

குடும்பத்தின் அமைப்பும் மாறியது. கடையையும் வள்ளத்தையும் இழந்த ஆண்கள் பலர் தொழிலின்றியிருக்க, விடியற்காலையில் லொறிகளில் ஏறித் தோட்டக் கூலிக்குச் சென்ற பெண்களே பல குடும்பங்களைத் தாங்கினர். வேறு பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணியாளராகச் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணமே பின்னர்ப் பல வீடுகளுக்கு அத்திவாரமாயிற்று.

பழைய பெயரும் புதிய காணியும்

இச்சூழ்நிலையில் இம்மக்கள் மேற்கொண்ட வழி கவனிக்கத்தக்கது. அவர்கள் தனித்தனிக் குடும்பங்களாகச் சிதறவில்லை. இயன்றவரை பழைய ஊரின் உறவையும் பள்ளிவாசற் கட்டமைப்பையும் காத்து ஒன்றாகவே குடியேறினர். தோப்புகள் துண்டாடி விற்கப்பட்டபோது சிறு சிறு காணிகளைச் சேர்ந்து வாங்கினர். பாலாவிக்கு அண்மையிலுள்ள நாகவில்லுவில் எருக்கலம்பிட்டியார் குடியேறினர். அங்குள்ள பாடசாலைக்கும் எருக்கலம்பிட்டி என்ற பெயரே இடப்பட்டது. 1923ஆம் ஆண்டு லொசான் உடன்படிக்கையின்படி துருக்கியிலிருந்து கிரேக்கத்துக்கு மாற்றப்பட்ட மக்கள், தாம் இழந்த சிமேர்ணா நகரின் பெயரால் ஏதென்சு நகரருகே ‘புதிய சிமேர்ணா’வை அமைத்தமை இதனோடு ஒப்பிடத்தக்கது. எனினும் ஒரு வேறுபாடுண்டு. அங்கே திரும்பும் வழியை உடன்படிக்கையே அடைத்துவிட்டது. இங்கே அவ்வழி அடைபடவுமில்லை, நன்கு திறக்கவுமில்லை.

காணி வாங்குதலும் வீடு கட்டுதலும் ஓர் ஐயத்தை உடன்கொண்டு வந்தன. புத்தளத்தில் வீடு பெற்றால் வடக்கிலுள்ள உரிமை கெட்டுவிடுமோ என மக்கள் அஞ்சினர். உலக வங்கியின் நிதியுதவியுடன் 2007இல் தொடங்கிய புத்தள வீடமைப்புத் திட்டம், பதினேழு ஆண்டுகள் கிடுகுக் கொட்டிலில் வாழ்ந்தோர் பலருக்குக் கல்வீடு கிடைக்க வழிசெய்தது. ஆயினும் அவ்வீடுகளில் வாழ்ந்த பலர் தம் வாக்காளர் பதிவை வடக்கிலேயே வைத்திருந்தனர். வாக்கு அவர்களுக்கு ஊருடன் எஞ்சியிருந்த சட்டத் தொடர்பாயிருந்தது. அதன் விலையும் சிறிதன்று. 2019 நவெம்பர் 16ஆம் நாள், சனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து மன்னாருக்குச் சென்ற பேருந்துத் தொடர்மீது தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது.

திரும்புதலும் தங்குதலும்

2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின்போது முஸ்லிம்கள் ஊர் திரும்பலாம் எனப் புலிகள் அறிவித்தனர். அவ்வாண்டு ஏப்பிரலில் கிளிநொச்சியில் முஸ்லிம் காங்கிரசுத் தலைவருடன் உடன்பாடும் எட்டப்பட்டது. சிலர் சென்று பார்த்தனர். போர் மீண்டும் மூளவே திரும்பினர். 2009 மே மாதம் போர் முடிந்தபின் பெருந்தொகையினர் வடக்கிற் பதிவு செய்துகொண்டனர். அங்கே அவர்களை எதிர்கொண்டவை காடு மூடிய வயல்களும் கூரையற்ற சுவர்களுமே. சில காணிகளில் வேறு மக்கள் குடியிருந்தனர். சிலவற்றைப் படையினர் வைத்திருந்தனர். இன்னும் சில வன ஒதுக்கீடுகளுள் அடங்கின. மறிச்சுக்கட்டிப் பகுதியிற் குடியேற்றத்துக்காகக் காடு அழிக்கப்பட்டமை நாடளாவிய வாதமாயிற்று. போரினால் நொந்துபோன தமிழ் அயலவர்க்கும் வீடும் காணியும் தேவைப்பட்டமையால், திரும்பியவர்களைப் போட்டியாளராகக் கருதும் போக்கும் ஆங்காங்கே காணப்பட்டது.

ஆகவே பல குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. தந்தை மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ கடை நடத்த, தாயும் பிள்ளைகளும் பாடசாலையின் பொருட்டுப் புத்தளத்திலேயே தங்கினர். அலுவலகங்களோ, ‘நீவிர் எவ்வூரார்?’ என்ற வினாவுக்கு ஒற்றை விடையையே வேண்டின. வடக்கிற் பதிந்தவர் புத்தளத்து நிவாரணப் பட்டியலிலிருந்து நீங்கினார். புத்தளத்தில் வாழ்பவர் வடக்கின் வீடமைப்பு உதவிக்குத் தகுதியற்றவரென ஒதுக்கப்பட்டார்.

1998ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்ட உள்நாட்டு இடப்பெயர்வு பற்றிய வழிகாட்டற் கோட்பாடுகள், விரும்பித் திரும்புதலையும் வேறிடத்தில் விரும்பிக் குடியமர்தலையும் ஒருங்கே அனுமதிக்கின்றன. இழந்த சொத்தினை மீளப்பெற உதவுதலையும் அதிகாரிகளின் கடமையாக்குகின்றன. ஓரிடத்தில் வாழத் தொடங்கியமை மற்றோரிடத்து உரிமையை அழிக்காது என்பதே அவற்றின் உட்பொருள். இலங்கையின் 2016ஆம் ஆண்டு 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம், போரினால் தம் நிலத்தை விட்டு நீங்கியோர்க்கெதிராகப் பிறர் நீண்டகால ஆட்சியைக் காட்டி உரிமை கோருவதைத் தடுக்க முயன்றது. இது பயனுள்ள முயற்சியே. ஆயினும் வெளியேற்றத்துக்கும் சட்டத்துக்கும் இடையே இருபத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

வரலாற்றின் கடமை

இவ்வெளியேற்றத்தைப் பற்றி அரசு தனி விசாரணை ஆணைக்குழு எதனையும் அமைக்காத நிலையில், 2009இல் குடிமக்கள் ஆணைக்குழு ஒன்று சட்ட, சமூக நம்பிக்கை நிறுவனத்தின் முயற்சியால் உருவாகி, மக்களின் சாட்சியங்களைக் கேட்டு 2011இல் அறிக்கை வெளியிட்டது. எருக்கலம்பிட்டியிற் பிறந்த பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியற் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லா, 2018இல் மறையும்வரை, வெளியேற்றப்பட்டோரின் இழப்புகளை ஊர்வாரியாகப் பதிவு செய்வதைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார். அவர் தொகுத்த விபரங்கள் இன்றேல் பல ஊர்களின் காணியும் கடையும் கல்வியும் பற்றிய செய்திகள் மறைந்திருக்கும்.

புத்தளக் கரையிற் புதிய வாழ்வு தொடங்கியவர்கள் பழையதை மறந்து தொடங்கவில்லை. பழைய ஊரின் பெயரும் உறவும் நினைவும் அவர்களுக்கு முதலீடாயிருந்தன. ஆகையால் அவர்களை நோக்கி, ‘நீவிர் இங்குள்ளவரா, அங்குள்ளவரா?’ எனக் கேட்பது பொருத்தமற்ற வினாவாகும். அவர்கள் இரண்டு இடத்தினரும் ஆவர். இரண்டு இடங்களும் அவர்களுக்குக் கடன்பட்டுள்ளன. புத்தளத்து மக்கள் முதல் நாளிலேயே தம் கடனைச் செலுத்திவிட்டனர். அவர்களுக்குரிய பாடசாலையும் நீரும் தொழிலும் அரசு செலுத்தவேண்டிய நிலுவையாகும். வடக்கோ தன் கடனை இன்னும் முழுதாக எண்ணிப்பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்தினதும் மன்னாரினதும் வரலாற்றைத் தமிழில் எழுதப் புகுவோர், 1990 ஒக்தோபரை ஓர் அடிக்குறிப்பாகச் சுருக்காது, அதற்குரிய அதிகாரத்தை எழுதுவதே அவ்வெண்ணிக்கையின் தொடக்கமாகும்.