கேஸை மூடியாச்சா?

ராத்திரி விளக்கை அணைக்கும் முன் "கேஸை மூடியாச்சா?" என்று ஒரு குரல் கேட்காத வீடு நம்மூரில் குறைவு. தில்லியிலும் இதே கேள்விதான், பாஷை மட்டும் வேறு: "கேஸ் பந்த் கியா?" தேசிய ஒருமைப்பாட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் ஏன் மூட வேண்டும், மறந்தால் அந்த வாயு எங்கே போகும் என்று கேட்டால், பெரும்பாலும் "அப்படித்தான் சொல்லியிருக்காங்க" என்பதுதான் பதில். அந்த "ஏன்"களுக்குப் பின்னால் கொஞ்சம் சரித்திரம் இருக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்து குடியேறுகிற நம்மைப் போன்றவர்களுக்கு அது அவசியமும் கூட. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தியாவுக்கு எரிவாயு முதலில் வந்தது சமையலுக்கு அல்ல, தெருவிளக்குக்கு. 1857-இல் கல்கத்தாவில் ஓரியண்டல் கேஸ் கம்பெனி நிலக்கரி வாயுவில் தெருவிளக்குகளை ஏற்றியது. 1865-இல் பம்பாயிலும் கேஸ் விளக்குகள் வந்தன. இங்கிலாந்தில் அதற்கு முன்பே, 1826-இல், ஜேம்ஸ் ஷார்ப் என்பவர் கேஸ் அடுப்புக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். நிலக்கரி வாயுவில் கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கும். தீப்பிடிக்காமல் வெறுமனே கசிந்தாலும் ஆளைக் கொல்லும். நம் நாட்டில் மிகப் பெரும்பாலான வீடுகளில் அப்போது விறகும் கரியும் வறட்டியும்தான், அதனால் இந்த ஆபத்து நமக்கு அதிகம் அறிமுகமாகவில்லை.

நமக்கு அறிமுகமான ஆபத்து சீமெண்ணெய் ஸ்டவ். பம்ப் அடித்துக் காற்றழுத்தம் ஏற்றி, பின் போட்டு அடைப்பெடுத்து, புஸ்ஸென்ற சத்தத்தோடு எரியுமே, அதுதான். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பேப்பரைத் திறந்தால் "ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி" என்று ஒரு மூலையில் செய்தி இருக்கும். கவனக்குறைவு, நைலக்ஸ் புடவை என்று காரணமும் கூடவே வரும். தில்லியில் பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்து ஒரு எளிய கேள்வியைக் கேட்டன: மாமியாரும் நாத்தனாரும் புழங்குகிற அதே ஸ்டவ், புது மருமகள் பக்கத்தில் போகும்போது மட்டும் ஏன் வெடிக்கிறது? அந்தக் கேள்வியின் அழுத்தத்தில்தான் 1983-இல் 498ஏ பிரிவும், 1986-இல் வரதட்சணை மரணத்துக்கான 304பி பிரிவும் சட்டமாயின. (2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 304பி-யின் இடத்தில் இருப்பது 80-ஆம் பிரிவு.) நிஜமான ஸ்டவ் விபத்துகளும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் "விபத்து" என்ற ஒரு வார்த்தையைப் போட்டு மூடிவிட்டால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள் என்பதற்கு இதைவிடக் கொடுமையான பாடம் இல்லை.

இனி கேஸுக்கு வருவோம். ஐம்பதுகளின் நடுவில் பர்மா ஷெல் நிறுவனம் பம்பாயில் "பர்ஷேன்" என்ற பெயரில் சிலிண்டர் கேஸை விற்க ஆரம்பித்தது. இந்தியன் ஆயிலின் முதல் இண்டேன் இணைப்பு 1965 அக்டோபர் 22 அன்று கல்கத்தாவில் கொடுக்கப்பட்டது. வீட்டுக்குள் வெடிகுண்டை வைப்பதா என்று பயந்தவர்கள் உண்டு. எழுபதுகளில் அந்நிய எண்ணெய்க் கம்பெனிகள் அரசுடைமை ஆயின. பயம் போய், பிறகு வந்தது காத்திருப்பு. பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருப்பதும், எம்.பி. கோட்டாவில் கூப்பன் கிடைக்குமா என்று அலைவதும் அந்தத் தலைமுறைக்கு மறந்திருக்காது.

அந்த சிலிண்டரோடு வந்த விதிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். 14.2 கிலோ சிலிண்டருக்குள் இருப்பது அழுத்தத்தில் திரவமாக்கப்பட்ட பியூட்டேனும் புரொப்பேனும். அடியில் திரவம், மேலே ஆவி. அதனால்தான் நிமிர்த்தி வைக்கச் சொல்கிறார்கள். படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டர் வழியாக வெளியேறும். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் வாயு ஆகும். காற்றில் கிட்டத்தட்ட 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். எல்லாவற்றையும் விட முக்கியம், இது காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையோடு பரவி மூலையிலும் பள்ளத்திலும் தேங்கும். அடுப்பு மேடையில், சிலிண்டர் கீழே, கதவடியில் காற்றுப் போக வழி, தரையோடு விளக்கோ ஊதுபத்தியோ கூடாது என்ற அத்தனை விதிகளும் இந்த ஒரே குணத்திலிருந்து வந்தவை. தரையில் உட்கார்ந்து சமைத்த நம் பாட்டிமார்களை எழுப்பி நிற்க வைத்ததில் இந்த வாயுவின் கனத்துக்கும் பங்குண்டு!

அப்புறம் அந்த நாற்றம். அது கேஸின் சொந்த வாசனை இல்லை, மெர்காப்டன் என்ற ரசாயனத்தைச் சேர்க்கிறார்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர். 1937 மார்ச் 18 அன்று அங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் தரைக்கடியில் இயற்கை வாயு கசிந்து தேங்கியிருந்தது. வாசனையே இல்லாததால் ஒருவருக்கும் தெரியவில்லை. பட்டறை வகுப்பில் ஒரு மின்கருவியின் பொறி போதுமானதாக இருந்தது. குழந்தைகளும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். அதே வருஷம் டெக்சாஸில் வாயுவுக்கு வாசனை சேர்ப்பது சட்டமாயிற்று, பிறகு மற்ற இடங்களுக்கும் பரவியது. நம் வீட்டில் கேஸ் நாறும்போது ஸ்விட்சைப் போடாதே, எரிகிற விளக்கை அணைக்கவும் செய்யாதே என்பதும் அதே பொறிக்காகத்தான். ரெகுலேட்டரை மூடு, ஜன்னலைத் திற, வெளியே வா. சிலிண்டர் கேஸ் கசிவுக்கு 2016 ஜனவரி முதல் 1906 என்ற எண் நாடு முழுக்க உண்டு. போனையும் வெளியே வந்த பிறகு எடுங்கள்.

சரி, நமக்கு ஏன் இது அவசியம் என்று சொல்கிறேன் என்றேனே. 1995-இல் மும்பையில் மகாநகர் கேஸும், 1998-இல் தில்லியில் இந்திரபிரஸ்தா கேஸும் தொடங்கப்பட்டன. குழாய் கேஸ் பெருநகரங்களில் பரவியது. ஊரில் சிலிண்டரோடு வளர்ந்தவர்கள் இங்கே அடுக்குமாடி வீட்டுக்கு வந்து குழாயைத் திறக்கிறோம். ஆனால் குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன், காற்றை விட லேசானது. கசிந்தால் தரையில் தேங்காது, கூரைக்குப் போகும். அப்படியானால் கதவடி இடைவெளி மட்டும் போதாது, சுவரின் உச்சியில் வென்டிலேட்டர் வேண்டும். அதைத்தான் பலர் சிம்னி வைக்கும்போதும், குளிருக்கு பயந்தும் அடைத்துவிடுகிறார்கள். ஊரிலிருந்து கொண்டு வந்த அடுப்பை அப்படியே குழாயில் மாட்டவும் கூடாது. இரண்டு வாயுவுக்கும் ஜெட்டின் துளை அளவு வேறு, கம்பெனி ஆள் வந்துதான் மாற்ற வேண்டும். அவசரத்துக்கு அழைக்கும் எண்ணும் வேறு, அது பில்லிலேயே இருக்கும்.

வடக்கே இன்னொரு விஷயம், குளிர்காலம். மூடிய அறையில் அங்கீட்டி வைத்துத் தூங்கி எழுந்திருக்காதவர்களின் செய்தி ஜனவரியில் வந்துகொண்டேதான் இருக்கிறது. பர்னரைக் கொளுத்தி வைத்தோ, ஓவன் கதவைத் திறந்து வைத்தோ அறையைச் சூடாக்குவதும் அதே ரகம். காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும், அதற்கு மெர்காப்டன் கிடையாது, நாறாது. வெளிப்புகைக் குழாய் இல்லாமல் குளியலறையில் மாட்டிய கேஸ் கீஸரும் இப்படித்தான் ஆட்களைக் கொல்கிறது. நீலச் சுடர் மஞ்சளாகி, பாத்திரம் கரி பிடித்தால் பர்னரைச் சுத்தம் செய்ய நேரமாகிவிட்டது என்று அர்த்தம்.

அடியில் ஓவன் வைத்த கேஸ் ரேஞ்ச் நம் வீடுகளில் அதிகமில்லை. வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கவும். அது ஒரு பெட்டி. மேல் பர்னரில் கேஸ் வெளியே கலைந்து போகும், பெட்டிக்குள் தேங்கும். அதனால் முதலில் ஓவன் கதவைத் திறந்துவிட்டுப் பிறகு பற்ற வையுங்கள். கையால் பற்ற வைக்கும் ரகமானால் முதலில் தீக்குச்சி, அப்புறம்தான் கேஸ். பற்றவில்லை என்றால் திருகை மூடி, கதவைத் திறந்தபடி ஐந்து நிமிஷமாவது விட்டுவிட்டு மறுபடி முயலுங்கள்.

2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் உஜ்வலா திட்டம் தொடங்கியது. 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்புகள் கொடுத்தாகிவிட்டது. நம் பெற்றோர் பல வருஷங்களில் கற்றுக்கொண்டதை, அந்தக் குடும்பங்கள் ஒரே நாளில் கற்க வேண்டியிருந்தது. அவர்களிடம் "இதைச் செய், அதைச் செய்யாதே" என்று மட்டும் சொன்னால் போதாது. காரணம் தெரிந்தவர், வாயு மாறினாலும் ஊர் மாறினாலும் தானே யோசித்துக்கொள்வார்.

அந்தக் காரணம் சமைக்கிறவருக்கு மட்டும் தெரிந்திருந்தாலும் போதாது. வீட்டில் பாதி நேரம் கேஸ் திருகு எந்தப் பக்கம் மூடும் என்றே தெரியாத ஆம்பிளைகள் இருக்கிறோமே! இன்றைக்கு ஒன்று செய்யுங்கள். சிலிண்டர் வளையத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். பக்கத்தில் இருப்பது வருஷம். மறுபரிசோதனைக்கு உரிய அந்தத் தேதி தாண்டியிருந்தால் சிலிண்டரை வாங்காதீர்கள். ட்யூபிலும் வருஷம் அச்சாகியிருக்கும். கம்பி பின்னிய ஆரஞ்சு சுரக்ஷா ட்யூபின் ஆயுள் ஐந்து வருஷம், விரிசல் விட்டால் அதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். இதைப் பார்க்க சமைக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.