புள்ளய யாரு பாத்துக்கினாங்க?

பொதட்டூர்பேட்டையில் கரண்ட் போனால்தான் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குச் சரியாகக் கேட்கும். தெருவுக்குத் தெரு விசைத்தறி. தறிகள் நின்றுபோன ஒரு மத்தியானத்தில், தார் மெஷினை விட்டு எழுந்து வந்த அம்மாவிடம் அ. லலிதாவின் கதையைச் சொன்னேன். இந்தியாவில் முதன்முதலாகப் பொறியாளரான பெண்களில் ஒருவர், பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர், சின்னக் குழந்தை இருக்கும்போது கிண்டியில் மின்பொறியியல் படித்தவர் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அம்மா ஒன்றுதான் கேட்டார்.

"புள்ளய யாருடி பாத்துக்கினாங்க?"

நானும் மின்னியல் டிப்ளமோ படித்தவள்தான். ஓம், ஃபாரடே, டெஸ்லா எல்லோரையும் மனப்பாடம் செய்தோம். லலிதாவின் பெயரை மூன்று வருடத்தில் ஒருவரும் சொன்னதில்லை. பிற்பாடு நானாகத் தேடிப் படித்தபோதும், அம்மா கேட்ட கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

லலிதா 1919-இல் சென்னையில், தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம். சாரதா சட்டம் அப்போது பெண்ணுக்கு வைத்திருந்த குறைந்தபட்ச வயது பதினான்குதான், ஆகவே சட்டப்படி குற்றமில்லை! 1937-இல் மகள் சியாமளா பிறந்தாள். நான்கே மாதத்தில் கணவர் இறந்துபோனார்.

பிராமண விதவைகளுக்கு அந்தக் காலச் சென்னையில் வெளியே வர ஒரு வழி ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. சகோதரி சுப்புலட்சுமி 1912-இல் தொடங்கிய விதவையர் இல்லத்தின் வழியாகப் பல பெண்கள் ஆசிரியைகள் ஆனார்கள். லலிதா ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட்டை முதல் வகுப்பில் முடித்தார். அடுத்து மருத்துவம் படித்திருக்கலாம். ஆனால் நடுராத்திரியில் நோயாளி கூப்பிட்டால் குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கும். குறித்த நேரத்துக்குப் போய்க் குறித்த நேரத்துக்கு வீடு திரும்பும் வேலை அவருக்கு வேண்டியிருந்தது. அதனால்தான் பொறியியல். துணிச்சல் என்று நாம் கொண்டாடும் அந்த முடிவு, ஒரு தாய் போட்ட நேரக் கணக்கு. அது தெரிந்த பிறகு அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். முதல்வர் கே.சி. சாக்கோவிடமும் பொதுக்கல்வி இயக்குநர் ஸ்டேதமிடமும் அவர் பேசி அனுமதி வாங்க, 1940-இல் லலிதா சேர்ந்தார். நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். மகள் விடுதியில் தனியாகத் தவிப்பதைப் பார்த்த அப்பா, பெண்களும் சேரலாம் என்று கல்லூரியை விளம்பரம் செய்ய வைத்தார். அப்படித்தான் பி.கே. திரேசியாவும் லீலம்மா ஜார்ஜும் கட்டடப் பொறியியலுக்கு வந்தார்கள். திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளரானார். அவர்களின் சான்றிதழில் 'அவன்' என்று அச்சாகியிருந்ததை அடித்து 'அவள்' என்று எழுத வேண்டியிருந்த கதையை எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்கென்னவோ அந்த விளம்பரம்தான் பெரிதாகப் படுகிறது. பேராசிரியரின் மகளுக்கென்று திறந்த கதவு, அதன் பிறகுதான் மற்றப் பெண்களுக்கும் பொதுவானது. சாதியும் அப்பாவின் பதவியும் இல்லாத வீட்டில் இதே அறிவோடு பிறந்த ஒரு பெண்ணுக்கு 1940-இல் அந்தக் கதவு திறந்திருக்காது.

ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி, சிம்லாவில் அரசு வேலை, கொஞ்ச காலம் அப்பாவின் ஆராய்ச்சிக்கு உதவி. 1948-இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸில் சேர்ந்தார். கல்கத்தாவைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. சகோதரரின் குடும்பம் அங்கே இருந்தது. மின்கடத்தும் பாதைகளையும் துணைமின்நிலையங்களையும் வடிவமைப்பது அவர் வேலை. பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர் பணியிலும் அவருக்குப் பங்குண்டு. ஒரு விதவை தனியாக ஊர் ஊராகப் போய்த் தளத்தில் நிற்பதை அன்றைய சமூகம் ஏற்கவில்லை, அதனால் அவர் வேலை பெரும்பாலும் வரைபட மேசையோடு நின்றது.

1964-இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாடு கூடியது. அவரை அனுப்ப இந்தியாவில் அப்படி ஓர் அமைப்பே இல்லை. தனிப்பட்ட முறையில் போய்க் கலந்துகொண்டார். நூற்றைம்பது வருடம் முன்பாக இருந்தால் கணவரின் சிதையில் தன்னையும் ஏற்றியிருப்பார்கள் என்று அங்கே ஒரு பேட்டியில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. 1977-இல் ஓய்வு பெற்றார், இரண்டே வருடத்தில் காலமானார்.

அம்மாவுக்கு இதையெல்லாம் சொல்லி முடிக்கவில்லை. "சொந்தக்காரங்கதான் பாத்துக்கினாங்கம்மா, அண்ணன் தம்பி வீட்ல" என்றேன்.

"அண்ணன் தம்பி எங்கடி பாத்துக்கினு இருப்பான்? அவன் பொண்டாட்டி பாத்திருப்பா" என்றார் அம்மா. அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் ஏதோ சொன்னார், தறிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.