வகுப்பறையிலிருந்து வந்த பயிற்றுநர்: சையத் அப்துல் ரஹீமின் கால்பந்து நெறியும் தென்காசி வட்டாரக் கல்லூரி விளையாட்டும்

கால்பந்து அணிக்கெனத் தனியே ஒரு தலைமைப் பயிற்றுநர் பணியிடம் தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளின் வழக்கமான அமைப்பில் இல்லை. அங்கு இருப்பவர் உடற்கல்வி இயக்குநர். மாணவர் வழக்கில் 'பி.டி. சார்', மகளிர் கல்லூரியானால் 'பி.டி. மேடம்'. கால்பந்து, கைப்பந்து, கபடி, தடகளம் என எல்லாவற்றுக்கும் ஆள் தேர்ந்து, பயிற்சி கொடுத்து, பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு அழைத்துச் சென்று, திரும்பி வந்து பயணப்படிக் கணக்கை அலுவலகத்தில் ஒப்படைப்பது வரை அவர் ஒருவரே பொறுப்பு. ஆழ்வார்குறிச்சியில் 1963இல் தொடங்கிய ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரி, குற்றாலத்தில் 1964இல் தொடங்கிய ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி முதலாகத் தென்காசி வட்டாரத்தில் எழுந்த உயர்கல்வி நிறுவனங்கள் யாவும் தமிழகம் முழுவதற்கும் பொதுவான இவ்வமைப்புக்குள்தான் வளர்ந்தன. ஓர் ஆட்டத்துக்கென ஊதியம் பெறும் நிபுணர் இல்லாமையே கல்லூரி விளையாட்டின் தளர்ச்சிக்குக் காரணம் என்றும், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைப் போல அணிதோறும் ஒரு தலைமைப் பயிற்றுநரை அமர்த்துவதே தீர்வு என்றும் ஒரு வாதம் அடிக்கடி எழுகிறது. இந்தியக் கால்பந்தின் ஈடிணையற்ற பயிற்றுநரான சையத் அப்துல் ரஹீமின் வாழ்க்கை இவ்வாதத்துக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அவர் பள்ளி ஆசிரியர். அவருடைய பயிற்சி முறையின் ஒவ்வொரு கூறிலும் அந்த ஆசிரியர் தென்படுகிறார்.

அமெரிக்க மாதிரியின் தோற்றத்தை முதலில் பார்ப்பது பொருந்தும். அங்கு 'கால்பந்து' எனப்படுவது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் 1890இல் அந்த ஆட்டத்துக்கு அணி அமைத்த ஏமஸ் அலான்சோ ஸ்டாக், 1892இல் புதிதாகத் திறக்கப்பட்ட சிகாகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்று, பேராசிரியருக்குரிய நிலையான பதவியோடு 40 ஆண்டுகள் அங்கு அணியை நடத்தினார்; தலைமைப் பயிற்றுநர் என்னும் நிறுவனத்துக்கு உருக்கொடுத்தவர்களுள் அவர் முதன்மையானவர். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற இன்னொருவர், ஹாரி க்ரோ பக், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்தியக் குழுவை அழைத்துச் சென்றவரும் அவரே. ஒரே ஊற்றிலிருந்து கிளம்பிய இவ்விரு ஓடைகளும் போன திசைகள் வேறு. சிகாகோவில் உருவானவர், பார்வையாளர் பணம் கொடுத்துக் காணும் ஓர் அணியை வெற்றிபெறச் செய்பவர். சென்னையில் உருவானவர், பள்ளி முழுவதையும் ஆடவைக்கும் ஆசிரியர். தமிழகத்தின் 'பி.டி. மாஸ்டர்' பக்கின் வழியில் வந்தவர். (சிகாகோ பல்கலைக்கழகம் 1939இல் தன் கால்பந்து அணியையே கலைத்துவிட்டது என்பதை அமெரிக்க மாதிரியைப் பரிந்துரைப்போர் பெரும்பாலும் சொல்வதில்லை.)

ரஹீம் 1909இல் ஐதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழக அணியில் ஆடிப் பட்டம் பெற்றபின் காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி முதலியவற்றில் ஆசிரியராக இருந்து, உடற்கல்விப் பட்டயமும் பெற்று, பள்ளி விளையாட்டுகளின் பொறுப்பை ஏற்றார். 1943இல் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். அவர் பயிற்சியில் ஐதராபாத் நகரப் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து முறை தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1950 முதல் 1963இல் இறக்கும்வரை இந்திய அணி அவர் கையில் இருந்தது. 1951 புதுதில்லி ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என வென்று தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மீண்டும் தங்கம். மெல்போர்னில் முதல் சுற்றில் ஹங்கேரி விலகிக்கொண்டதால் இந்தியா ஆடாமலே முன்னேறியது என்பதையும் சேர்த்துச் சொல்லுவதே நேர்மை. ஆனால் அடுத்து ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4-2 என வென்றது எவர் தயவாலும் அன்று. இடையில் 1952 ஹெல்சின்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்ற தோல்வியும் உண்டு. இந்திய வீரர் பலர் அன்று வெறுங்காலோடு ஆடினர்.

அந்தத் தோல்விக்குப் பின் ரஹீம் நடந்துகொண்ட விதம் அவருடைய நெறியை விளக்கும். காலணி அணியவைப்பது நிர்வாக ஆணையால் முடியும்; கால் பழகுவது ஆணையால் முடியாது. வலக்கையால் உண்டு பழகியவர் இடக்கையால் எழுதத் தடுமாறுவதுபோல, பெரும்பாலான ஆட்டக்காரர் ஒரு காலை மட்டுமே நம்பி ஆடுவர். பந்து மற்றக் காலுக்கு வந்தால் அதை மாற்றிக்கொள்ள ஒரு நொடியை இழப்பர், அந்த ஒரு நொடியில் எதிராளி வந்து சேர்வான். ரஹீம் இதைச் சொல்லித் திருத்த முயலவில்லை. பழகாத காலால் மட்டுமே பந்தை உதைக்கலாம் என்ற விதியுடன் தனிப் போட்டிகளையே ஐதராபாத்தில் நடத்தினார். அதேபோல, பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு எதிராளிகளை ஏமாற்றிச் செல்லும் 'டிரிபிளிங்' என்னும் வித்தையைத் தடைசெய்த போட்டிகளும் நடந்தன. தனித்திறன் காட்டுவதில் மோகம் கொண்ட இளைஞர்களிடம் 'பந்தைப் பகிர்ந்து ஆடு' என்று ஆயிரம் முறை சொல்வதைவிட, பகிராமல் ஆடவே முடியாத ஓர் ஆட்டத்துக்குள் அவர்களை இறக்கிவிடுவது விரைவில் பலன் தரும் என்பது அவர் கண்டது.

இது வகுப்பறையில் உருவாகும் சிந்தனை. கணக்கைத் தானே போட்டுக் காட்டும் ஆசிரியர் ஒருவகை. அந்த ஒரு வழியைத் தவிர வேறு வழியில் விடை வராதபடி கணக்கை அமைத்துக் கொடுக்கும் ஆசிரியர் இன்னொருவகை. ரஹீம் இரண்டாம் வகை. 1982இல் இங்கிலாந்தின் டேவிட் பங்கரும் ராட் தார்ப்பும் 'புரிதல்வழி ஆட்டக் கல்வி' என்று பெயரிட்டதும், 1986இல் கார்ல் நியூவெல் உடலசைவு ஆய்வில் 'வரம்புகள்' என்ற கருத்தால் விளக்கியதும் இவ்வழியைப் பெரிதும் ஒத்தவை. வரம்பு என்பது, ஆட்டத்தின் விதியையோ இடத்தையோ கருவியையோ மாற்றி, விரும்பும் அசைவு தானாகவே வெளிப்படச் செய்வது. இக்கோட்பாடுகள் அச்சேறுவதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன் ஐதராபாத் மைதானங்களில் அவை நடைமுறையில் இருந்தன. அவற்றின் நினைவு பெரும்பாலும் ஆட்டக்காரர் சொல்லாகவே எஞ்சியிருப்பதால், கல்விப்புலத்தில் ரஹீமின் பெயர் இந்த வரிசையில் வைத்துப் பேசப்படுவது அரிது. ஆட்ட அமைப்பில் அவர் செய்த மாற்றங்களே, அதாவது முன்களத் தாக்குநரைப் பின்னிழுத்து ஆடவைத்ததும், நால்வர் தடுக்க இருவர் நடுவே நிற்க நால்வர் தாக்கும் 4-2-4 முறையைப் பிரேசில் 1958இல் உலகுக்குக் காட்டுமுன்பே முயன்றார் என்பதும், பெரிதாகப் பேசப்படுகின்றன. முன்பின் பற்றிய இப்பெருமிதத்தில் சற்று மிகை இருக்கலாம். இரு கால்களும் பழகிய பதினொருவர் கிடைத்த பிறகுதான் எந்த அமைப்பும் உயிர்பெறும். அவர்களை உருவாக்கியதே கடினமான வேலை.

ஜகார்த்தாவில் தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்றுத் தொடங்கிய இந்தியா, தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்று அரையிறுதிக்கு வந்தபோது, தடுப்பாட்டத்தின் தூணாகிய ஜர்னைல் சிங் தலையில் தையலுடன் இருந்தார். பின்களத்தில் தலையால் பந்தை முட்டித் தடுப்பதே அவர் வேலை. அவரை வெளியே உட்காரவைக்காமல் ரஹீம் முன்களத்துக்கு அனுப்பினார். பஞ்சாபின் மாஹில்பூர் கால்சா கல்லூரியில் பயின்ற நாட்களில் ஜர்னைல் முன்களத்தில் ஆடிய பழக்கம் உள்ளவர் என்பர். தென்வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியிலும் (3-2), செப்டம்பர் 4 அன்று அதே தென்கொரியாவுக்கு எதிரான இறுதியிலும் (2-1) அவர் கோல் போட்டார். இறுதியின் மற்றொரு கோல் பி.கே. பானர்ஜியுடையது. காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த பீட்டர் தங்கராஜ் கோல் காத்தார். இது பெரும்பாலும் துணிச்சலான சூதாட்டமாகவே வருணிக்கப்படுகிறது. 2024இல் வெளியான 'மைதான்' திரைப்படமும் அந்த இறுதியாட்டத்தையே உச்சக்கட்டமாக்கிக்கொண்டது. ஒரு மாணவன் முந்தைய வகுப்புகளில் எதைக் கற்றிருந்தான் என்பதை மறக்காத ஆசிரியரின் நினைவாற்றல் என்று அதைக் கொள்வதே பொருந்தும்.

அதே நினைவின் இன்னொரு பக்கம் துளசிதாஸ் பலராமின் கதையில் உள்ளது. செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்கு 1936இல் பிறந்த பலராம், பயிற்சிக்கு வரப் போக்குவரத்துச் செலவுக்கு வழியில்லை என்றபோது, வாடகைச் சைக்கிளுக்கு ரஹீம் தம் கையிலிருந்து காசு கொடுத்தார். பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி ஆகியோருடன் இந்திய முன்களத்தின் மூவருள் ஒருவராக அவர் எழுந்தது அதன் பிறகு. பயிற்சியின் முதல் தடை மைதானத்துக்கு வெளியே, வீட்டுக்கும் மைதானத்துக்கும் இடையிலான தொலைவில் இருக்கிறது என்பதை அறிந்தவரே இதைச் செய்வார்.

ரஹீமை முன்மாதிரியாகக் கொள்வதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ரஹீமின் அணியினர் காவல்துறையில் வேலை பெற்று, ஆண்டுக்கணக்கில் ஒருங்கே ஆடியவர்கள். அவர்களைச் சூழ ஐதராபாத்தின் தெருவெங்கும் கால்பந்து இருந்தது. தென்காசியின் பட்டப்படிப்பு மாணவருக்குக் கிடைப்பதோ மூன்றே ஆண்டுகள், அதிலும் பருவத் தேர்வுகள் போக எஞ்சிய மாலைகள். இவ்வட்டாரத்தில் கால்பந்தைவிடக் கபடிக்கும் கைப்பந்துக்குமே செல்வாக்கு மிகுதி. இம்மறுப்பு, ரஹீமின் வெற்றிகளை அப்படியே எதிர்பார்க்க முடியாது என்ற அளவில் ஏற்கத்தக்கது. அவருடைய முறையை அது தொடவில்லை. பழகாத காலால் ஆடும் போட்டிக்கு நிதி ஒதுக்கீடும் வேண்டாம், வெளிநாட்டு நிபுணரும் வேண்டாம்.

உண்மையான இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது. 1961இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம் தொடங்கியபின், ஓர் ஆட்டத்தில் சிறப்புப் பயிற்சி பெற்ற 'கோச்' ஒரு பாதையிலும், உடற்கல்விப் பட்டம் பெற்ற ஆசிரியர் இன்னொரு பாதையிலும் செல்லலாயினர். முன்னவர் விளையாட்டு ஆணையத்துக்கும் விடுதிகளுக்கும் போனார்; பின்னவர் கல்லூரிக்கு வந்து கோப்புகளுக்குள் அடைந்தார். ரஹீம் இவ்விருவருமாக இருந்த கடைசித் தலைமுறை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள், உடற்கல்வி இயக்குநர் பதவிக்கு வரும் 30 வயதுக்குட்பட்ட ஆண்கள் 12 நிமிடங்களில் 1800 மீட்டர் ஓடிக் காட்டவேண்டும் என்கின்றன. தான் ஓடுவதும் பிறரை ஆடப் பழக்குவதும் வெவ்வேறு திறன்கள். பின்னதை அளக்க அந்த ஓட்டம் உதவாது.

தென்காசிக்கென்று ஒரு தனிச் சூழலும் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்டு வரை ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்றும் சாரலும் குற்றாலத்தில் 'சீசன்' எனப்படுகின்றன. வணிகர்க்கு வரவான அந்த மாதங்கள் மைதானத்துக்குச் செலவு. புது மாணவர் சேர்ந்து அணி திரளவேண்டிய வேளையில் தரை வழுக்குகிறது. ஆடிக் காற்றில் உயர உதைத்த பந்து போகும் திசை உதைத்தவனுக்கே தெரியாது. பயிற்சியை நிறுத்திவைக்கத் தோன்றும் இந்நாட்கள், ரஹீமின் கண்ணுக்கு இயற்கையே விதித்த வரம்பாகத் தெரிந்திருக்கும்: உயரப் பந்துக்கு இடமில்லை, ஆகவே தரையோடு தரையாகக் குறுகிய பாஸ், வழுக்கும் தரையில் தனியாள் வித்தைக்கு இடமில்லை, ஆகவே உடனே பகிர்தல். சுரண்டை, பாவூர்சத்திரம், செங்கோட்டை என்று சுற்றூர்களிலிருந்து வரும் மாணவ மாணவியர், வகுப்பு முடிந்த உடனே பேருந்துக்கு ஓடவேண்டியிருப்பதும் கவனத்துக்குரியது. பலராமுக்குச் சைக்கிள் எப்படியோ அப்படி, இவர்களுக்கு அடுத்த பேருந்து.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளுக்கிடையே நடத்தும் கால்பந்துப் போட்டி, பல்கலைக்கழக அணியைத் தேர்ந்து, தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்கு அனுப்பும் முதற்படி. அத்தேர்வுக்கு வெளியே, ஆடிச் சாரலிலேயே, பழகாத காலால் மட்டும் ஆடும் ஒருநாள் போட்டியொன்றைப் பல்கலைக்கழக உடற்கல்வித் துறை தென்காசி வட்டாரக் கல்லூரிகளுக்கென அறிவிக்கவேண்டும். அந்நாளில் அணிகளை நடத்தும் இயக்குநர்களுக்கு வருகைப் பதிவேட்டிலிருந்தும் பயணப்படிக் கணக்கிலிருந்தும் விலக்கு அளிக்கவேண்டும். மாணவியரின் கடைசிப் பேருந்துக்கு முன் ஆட்டம் முடியும்படி நேரம் வகுக்கவேண்டும்.