ஓமத்தண்ணியும் கொக்கிப்புழுவும்

1/ எட்டயபுரம் பக்கம் பிள்ளைக்கு வயித்துல பூச்சின்னா, வீட்டுல முதல் வைத்தியம் ஓமத்தண்ணி. "அது கேக்குமா டாக்டர்?"னு பலர் கேக்குறாங்க. இதுக்கு 100 வருஷத்துக்கு மேலான வரலாறு இருக்கு. சுருக்கமா சொல்றேன்.

2/ ஓமத்தோட வாசனைக்குக் காரணம் தைமால். 1880-ஐ ஒட்டி, ஆல்ப்ஸ் மலையில் கோட்ஹார்ட் ரயில் சுரங்கம் தோண்டிய தொழிலாளர்கள் ரத்தசோகையால் வெளுத்துப்போனாங்க. காரணம், குடலில் ஒட்டி ரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு. அந்தக் காலத்தில்தான் இத்தாலி மருத்துவர் பொட்சோலோ இந்தப் புழுவுக்குத் தைமாலைப் பயன்படுத்தினார்.

3/ 1909 முதல் 1914 வரை அமெரிக்கத் தென்மாநிலங்களில் ராக்ஃபெல்லர் ஆணையம் நடத்திய கொக்கிப்புழு ஒழிப்புக்கும் தைமால்தான் முக்கிய மருந்து. முதல் உலகப்போருக்கு முன்னாடி நம்ம ஊர் ஓமம் கப்பலேறி ஜெர்மனி போய் தைமாலா மாறுச்சு!

4/ அப்போ ஓமத்தண்ணியே போதுமா? கணக்குப் போடுவோம். பெரியவங்களுக்கு அன்றைய அளவு சுமார் 4 கிராம் தைமால். அதுக்கு 150 கிராமிலிருந்து அரை கிலோ வரை ஓமம் வேணும். தைமால் தண்ணியில் லேசில் கரையாது. லிட்டருக்கு 1 கிராம்தான். கொதிக்க வெச்சா ஆவியோடயும் போயிடும். ஒரு டம்ளர் ஓமத்தண்ணியில் புழு சாகுற அளவு இருக்காது.

5/ சரி, அளவைக் கூட்டலாமா? கூடாது. எண்ணெயோ சாராயமோ சேர்ந்தா தைமால் ரத்தத்தில் ஏறி விஷமாகும். அதனால பட்டினி போட்டு, பேதி உப்பு கொடுத்துதான் சிகிச்சை செஞ்சாங்க.

6/ சென்னை மாகாணத்திலும் ஆய்வு நடந்தது. 1920-களை ஒட்டி மருத்துவர் ம்ஹஸ்கரும் இயேசு சபைப் பாதிரியார் கேயஸும் புழு மருந்துகளின் வேதிப்பொருளையும் பலனையும் ஒப்பிட்டுத் தொடர் கட்டுரைகள் எழுதினாங்க.

7/ 1921-ல் கார்பன் டெட்ராகுளோரைடு வந்தது. செயற்கை மருந்து, புழுவை நல்லா விரட்டுச்சு. ஆனா கல்லீரலைக் கெடுத்ததால் அதுவும் கைவிடப்பட்டது. இயற்கையோ செயற்கையோ, சோதனைக்கு முன்னாடி எல்லாம் ஒண்ணுதான்.

8/ இன்னைக்கு இருப்பது அல்பெண்டசோல். 2 வயசுக்கு மேல் 400 மில்லிகிராம், ஒரே மாத்திரை. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் வருஷத்துக்கு 2 தடவை இலவசமா கொடுக்குறாங்க.

9/ ஓமத்தண்ணி வயிறு உப்புசத்துக்குக் குடிங்க, தப்பில்லை. ஆனா பிள்ளை வெளுத்து, சோர்ந்து, மண்ணைத் தின்னா காத்திருக்காதீங்க. கொக்கிப்புழு தினமும் ரத்தம் குடிக்குது. மலப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை செய்யுங்க. வெறுங்காலோட அனுப்பாதீங்க, புழு பாதத் தோல் வழியாத்தான் நுழையுது.