பாலுக்கு என்ன உறை? – ஐரோப்பியச் சீஸ் வரலாற்றில் ஒரு சைவனின் கேள்வி

மாப்பிள்ளை இத்தாலியிலிருந்து ஒரு பெரிய துண்டு பார்மிசான் சீஸ் வாங்கி வந்திருந்தார். நன்றாக ருசித்துச் சாப்பிட்டு முடித்த பிறகுதான், "மாமா, இதுல கன்னுக்குட்டி இரைப்பையிலேர்ந்து எடுத்த உறை சேர்க்கிறாங்களாம்" என்று மெல்லச் சொன்னார். பரம்பரைச் சைவனாகிய எனக்குத் தூக்கம் போயிற்று. பால்தானே, அதில் என்ன வந்தது என்று இருந்தவன், அன்றுமுதல் உறையின் சரித்திரத்தைத் தேட ஆரம்பித்தேன்.

நாம் உறைமோர் ஊற்றினால் பால் புளித்துத் தயிராகிறது. சீஸ் பெரும்பாலும் வேறு வழி. பால்குடி மறக்காத கன்றின் நான்காம் இரைப்பையில் ஊறும் ஒரு நொதி, பால் அதிகம் புளிக்கும் முன்பே அதைக் கெட்டியாக்கிவிடும். அந்தக் கட்டியை வெட்டி, நீரை வடித்து, உப்பிட்டு மாதக்கணக்கில் முதிர வைக்கலாம்.

பார்மிசான் என்று நாம் சொல்லும் பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்குக் கன்றின் உறைதான் சேர்க்க வேண்டும் என்பது விதி. குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும். ஒரு சக்கரம் சுமார் 40 கிலோ. 1666இல் லண்டன் தீப்பற்றி எரிந்தபோது, சாமுவேல் பீப்ஸ் என்ற அதிகாரி தோட்டத்தில் குழி தோண்டித் தன் ஒயினோடு பார்மிசானையும் புதைத்து வைத்ததாகத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவ்வளவு மதிப்பு!

ஆனால் இரைப்பை மட்டுமே வழி அல்ல. முதல் நூற்றாண்டு ரோமானியரான கொலுமெல்லா, தம் வேளாண்மை நூலில் ஆட்டுக்குட்டி உறையோடு காட்டு முட்செடிப் பூவையும் அத்திமரப் பாலையும் சேர்த்தே சொல்கிறார். அந்தப் பூ மரபு இன்றும் போர்ச்சுகலில் உயிரோடிருக்கிறது. செர்ரா த எஸ்த்ரேலா மலைப்பகுதியில் கார்டூன் என்ற முட்செடியின் உலர்ந்த பூவை ஊறவைத்த நீரால் செம்மறியாட்டுப் பாலை உறைய வைக்கிறார்கள். பசும்பாலில் இதே பூ கசப்பை ஏற்றிவிடும். செம்மறிப் பாலில் லேசான கசப்போடு நின்றுவிடுகிறது. உள்ளே வெண்ணெய் போல இளகியிருப்பதும் பூவின் வேலையே. ஸ்பெயினின் தோர்த்தா தெல் காசார் இதற்கு உறவு. இரண்டையும் மேல்தோலை வட்டமாக வெட்டித் திறந்து, ரொட்டியால் தொட்டோ கரண்டியால் அள்ளியோ சாப்பிடுவார்கள். குளிர்பெட்டியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே எடுத்து வைத்தால்தான் அந்த இளக்கம் வரும்.

இருபதாம் நூற்றாண்டில் சீஸ் உற்பத்தி பெருகக் கன்றின் இரைப்பை போதவில்லை. பூஞ்சையிலிருந்து எடுத்த உறை புழக்கத்துக்கு வந்தது. கன்றின் மரபணுவை நுண்ணுயிரில் புகுத்தி உண்டாக்கிய நொதிக்கு 1990இல் அமெரிக்கா அனுமதி தந்தது. இதில் கன்று சாவதில்லை. சைவமா என்பதை அவரவர் மனசு தீர்மானிக்கட்டும். என் மனசு ஒப்பியாயிற்று.

கடையில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ரிக்கோட்டாவைப் பார்த்தால் நம் பனீரின் தங்கை மாதிரி இருக்கும். பனீர் எலுமிச்சையில் திரிவது, கவலையில்லை. ரிக்கோட்டாவோ வேறு சீஸ் வடித்த நீரைக் காய்ச்சி எடுப்பது. அந்த முதல் சீஸுக்கு என்ன உறை என்று கேட்டாக வேண்டும். மஸ்கார்ப்போனே, பாலேட்டில் புளிப்புச் சேர்த்துத் திரிப்பது.

மாப்பிள்ளை அடுத்த பயணம் லிஸ்பன் போகிறாராம். முட்செடிப் பூ சீஸ் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.